கிளிக்கு வேர்க்கடலை, பாதாம், வால்நட்: எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: சாம்பல்சிறகு

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளி, எடை 440 கிராம். கூடவே ஒரு காக்கட்டீல் (கொண்டை வைத்த சிறு கிளி), 92 கிராம். இரண்டுக்கும் பெல்லட் (அரைத்துக் குருணையாக்கிய கிளித் தீவனம்), காய்கறி, கொஞ்சம் விதைக் கலவை கொடுக்கிறோம். அந்தக் கலவையில் ஓட்டோடு வேர்க்கடலையும் உண்டு. கிரே கிண்ணத்தைக் கிளறிக் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து கடலை உள்ளே போகிறது.

கடலையே கூடாது என்கிறார்கள் சிலர். வறுத்தால் பயமில்லை என்கிறார்கள் வேறு சிலர். தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: பச்சையாகக் கொடுக்கலாமா, வறுத்துத்தான் கொடுக்க வேண்டுமா? ஓட்டோடு கொடுப்பது சரியா? பாதாம், வால்நட், முந்திரி, பிஸ்தா இவற்றில் எது நல்லது? இந்த இரண்டு பறவைகளின் எடைக்கு ஒரு நாள் அளவு என்ன? வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது?

பொதுவாக "அளவோடு கொடுங்கள்" என்று சொல்லாமல், அந்த அளவு எவ்வளவு என்றே சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வளைந்த அலகு

முதலில் பூஞ்சையைப் பற்றிப் பேசிவிடுவோம். கடலை விஷயத்தில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

வேர்க்கடலை மண்ணுக்குள் காய்ப்பது. பிடுங்கிய பிறகு சரியாகக் காயாமல் மூட்டையில் ஏறினாலோ, காய்ந்தது மறுபடி ஈரம் பட்டாலோ ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் பிடித்துக்கொள்ளும். 25 முதல் 35 டிகிரி வெப்பமும் காற்றில் ஈரமும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். இதில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "வறுத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சே வருகிறது.

ஒன்று, அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற பூஞ்சைகள் சுரக்கும் நச்சு இது, கல்லீரலைத் தாக்கும். இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே பறவைகளால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணத்தைத் தேடிப் போனபோது தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு அகப்பட்டது.

இரண்டு, பூஞ்சையின் வித்துகள். இவை தூசியாக மூச்சோடு உள்ளே போய், நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் ஒட்டி வளர்ந்தால் ஆஸ்பர்ஜில்லோசிஸ் நோய் வரும். இதில் முக்கியக் குற்றவாளி ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியுமிகேட்டஸ். கிளி கடலையை உடைக்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு காலால் பிடித்து, ஓட்டின் நுனியை அலகுக்குள் வைத்து நெரிக்கும். ஓடு பிளக்கும் இடமும் மூக்குத் துளையும் ஒரு விரற்கடை தூரம்தான். உள்ளே அடைந்திருக்கும் தூசி முழுவதும் நேராக மூக்குக்குப் போகும். ஓட்டுக் கடலையை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது வறுப்பது. சூடு பூஞ்சையையும் வித்துகளையும் பெருமளவு அழிக்கும். பச்சைக் கடலையில் இருக்கும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளையும் செயலிழக்கச் செய்யும். அந்த வகையில் பச்சையைவிட வறுத்தது மேல். ஆனால் அஃப்ளாடாக்சின் சூட்டுக்கு அசையாது. அது முழுமையாகச் சிதைய ஏறக்குறைய 240 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதற்குள் கடலை கரியாகிவிடும். சாதாரண வறுப்பில் நச்சு கொஞ்சம் குறையும், அவ்வளவே. சொத்தைக் கடலையை வறுத்தால் அது வறுத்த சொத்தைக் கடலைதான்.

ஆகவே காப்பது அடுப்பு அல்ல, வாங்கும் இடமும் பொறுக்கும் கையும். மனிதர் சாப்பிடும் தரத்தில், உப்பு, மசாலா, எண்ணெய் சேராத, ஓடு நீக்கிய பருப்பையே வாங்குங்கள். தீவனத் தரக் கடலை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் மனித உணவில் அஃப்ளாடாக்சின் 20 பிபிபிக்கு (நூறு கோடியில் 20 பங்கு) மேல் போனால் நடவடிக்கை எடுப்பார்கள். வளர்ந்த கோழிகளுக்கான கடலைத் தீவனத்தில் 100 வரை, கடைசிக் கட்டத்தில் கொழுக்க வைக்கும் மாட்டுத் தீவனத்தில் 300 வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேராகச் சாப்பிடும் கடலைக்கு 4தான். ஒரே பொருளுக்குள் தர வித்தியாசம் எவ்வளவு என்று இதிலேயே தெரிகிறது. தோட்டத்துப் பறவைகளுக்கு என்று விற்கும் கடலையும் வளர்ப்புக் கிளிக்கானது இல்லை.

வாங்கியதை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பொறுக்குங்கள். சுருங்கினது, கறுத்தது, மஞ்சள் பூத்தது, முளைவிட்டது, பூச்சி துளைத்தது, தோல் உரிந்து உடைந்து கிடப்பது எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். நச்சு ஒரு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அதனால் பொறுக்குவதற்கு உண்மையிலேயே பலன் உண்டு. கொடுக்கும் முன் ஒவ்வொரு பருப்பையும் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள குழியில் சாம்பல், பச்சை, பழுப்பு நிறப் படலம் இருக்கலாம். உள்பக்கம் ஒரே சீரான வெளிர் தந்த நிறத்தில் இருக்க வேண்டும். பூஞ்சை தெரிந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைக் கொடுப்பது கூடாது.

அதே நேரம், கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதெல்லாம் நச்சற்றது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அளவும் சிறிதாக இருக்க வேண்டும்.

வீட்டில் வறுப்பதானால்: ஓவனில் 160 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 15 முதல் 20 நிமிடம். பாதியில் ஒருமுறை கிளறிவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே வேர்த்து ஈரமாகி, செய்த வேலை வீணாகும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலையை நான்ஸ்டிக் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். எண்ணெயோ தண்ணீரோ இல்லாத நான்ஸ்டிக் சட்டி பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் மேல்பூச்சு சிதைந்து வரும் வாயு பறவையின் நுரையீரலை நிமிடக் கணக்கில் அழித்துவிடும். பக்கத்து அறையில் இருக்கும் கிளியும் தப்பாது. மனிதருக்கு வாடைகூடத் தெரியாமல் போகலாம். ஓவனுக்குள் விரிக்கும் நான்ஸ்டிக் விரிப்புகளுக்கும் இது பொருந்தும். இரும்புச் சட்டி, எவர்சில்வர் தட்டு, களிமண் ஓடு எதுவானாலும் சரி. நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம். பூஞ்சைக்குப் பயந்து வறுக்கப் போய் அதைவிடப் பெரிய ஆபத்தை அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது.

பதில் 2: தீனிக்கிண்ணம்

பூஞ்சை பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். அளவை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

கூண்டில் இருக்கும் கிளியின் ஒரு நாள் சக்தித் தேவையை, கிலோவில் எடையை எடுத்து, அதன் 0.75 அடுக்கை 78ஆல் பெருக்கி, அதை ஒன்றரை மடங்காக்கித் தோராயமாகக் கணிக்கலாம். 440 கிராம் கிரேக்கு ஏறக்குறைய 63 கிலோகலோரி வரும். 92 கிராம் காக்கட்டீலுக்கு 20. பட்ஜி என்ற குட்டிக் கிளிக்கு 9 அல்லது 10. ஒரு கிலோ எடையுள்ள மக்காவ் என்ற பெரிய கிளிக்கு 117. பறக்கும் நேரம் அதிகமானால் இன்னும் கூடும். நாள் முழுதும் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் குறையும்.

இனி கொட்டைப் பக்கம். ஒரு வேர்க்கடலைப் பருப்பு, ஒரு பிஸ்தா, இரண்டும் தலா 0.6 கிராம் வாக்கில், 3.4 கிலோகலோரி. ஒரு பாதாம் 1.2 கிராம், 7 கிலோகலோரி. ஒரு முந்திரி, ஒரு ஹேசல்நட் தலா ஒன்பதுக்குக் கிட்டே. வால்நட்டில் பாதி 13. ஒரு மக்கடாமியா 18. ஒரு பிரேசில் நட் 30ஐத் தாண்டும்.

இதை அந்தச் சிறிய உடம்புகளோடு வைத்துப் பாருங்கள். காக்கட்டீலுக்கு ஒரே ஒரு கடலைப் பருப்பு என்றால் அதன் ஒரு நாள் உணவில் ஆறில் ஒரு பங்கு! உங்கள் கிரே தின்னும் பத்து ஓட்டுக் கடலையில், ஓட்டுக்கு இரண்டு பருப்பு என்றால் இருபது பருப்பு, 68 கிலோகலோரி. அதாவது நாள் முழுதுக்குமான தேவையைக் கடலையே தீர்த்துவிடுகிறது. பெல்லட்டும் காயும் ஏன் சீண்டப்படாமல் கிடக்கின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கொட்டை, விதை, தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கிரேக்கு ஒரு நாளைக்கு ஒரு பாதாம், அல்லது இரண்டு கடலைப் பருப்பு, அல்லது இரண்டு பிஸ்தா, அல்லது வால்நட் பாதியில் பாதி. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று அல்ல. காக்கட்டீலுக்கு அரைக் கடலைப் பருப்பு அல்லது கால் பாதாம், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அது ஏற்கெனவே விதைக் கலவை தின்கிறது என்றால் கொட்டை அதற்கு மேல் கூடுதலாகச் சேரக் கூடாது. விதையைக் குறைத்துத்தான் கொட்டை கொடுக்க வேண்டும்.

மக்காவ்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஹயசின்த் மக்காவ் காட்டில் பனை வகைக் கொட்டைகளை உடைத்தே பிழைக்கும் பறவை. கொழுப்பு நிறைந்த உணவு அதற்கு இயல்பானது. மறுமுனையில் அமேசான், குவேக்கர், கலா காக்கட்டூ, பட்ஜி இவை சீக்கிரம் உடம்பு போடும் கிளி இனங்கள். இவற்றில் கல்லீரலில் கொழுப்புப் படிவது, தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வருவது எல்லாம் அடிக்கடி பார்ப்பவை. மக்காவ் வளர்ப்பவர் சொல்லும் அளவை அமேசானுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

கலோரியோடு விஷயம் முடியவில்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் கொழுப்பு 49 கிராம், புரதம் 26 கிராம். கால்சியம் 92 மில்லிகிராம், பாஸ்பரஸ் 376. விகிதம் ஒன்றுக்கு நான்கு. கிளிக்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடவோ, குறைந்தது சமமாகவோ. ஆப்பிரிக்கன் கிரே இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவதற்குப் பேர்போன இனம் என்பதால் உங்கள் பறவைக்கு இது ரொம்ப முக்கியம். கொட்டைகளுக்குள் பாதாம்தான் கால்சியத்தில் முன்னே நிற்கிறது, நூறு கிராமுக்கு 269 மில்லிகிராம். அதிலும் பாஸ்பரஸ்தான் அதிகம் என்றாலும் கடலையைவிட எவ்வளவோ தேவலை. ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கிரேக்குப் பாதாம்.

வைட்டமின் ஏ கடலையில் அறவே இல்லை. இது குறைந்தால் மூக்கு, தொண்டை, சைனஸ் உட்சவ்வுகள் தடித்து வறண்டு, உள்ளே வரும் வித்துகளைத் தடுக்கும் சக்தியை இழக்கும். கடலை மட்டுமே தின்னும் கிளிக்குத் தடுப்புச் சுவரும் பலவீனமாகிறது, அதைத் தாக்கும் பூஞ்சையும் அதே கடலையில் வருகிறது. முதல் பதிலில் சொன்ன நோய்க்கும் உங்கள் கிண்ணத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

பதில் 3: காற்றுப்பை

ஓட்டுக் கடலை விஷயத்தில் நான் இன்னும் கறாராகச் சொல்வேன். கிரே வளர்ப்பவர் ஓட்டுக் கடலையை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. ஆஸ்பர்ஜில்லோசிஸ் எளிதில் பிடிக்கும் கிளி இனங்களில் கிரேயும் அமேசானும் பயோனஸும் முன்வரிசையில் வருகின்றன. மருந்து மாதக் கணக்கில் ஓடும். தாமதமாகக் கண்டுபிடித்தால் பல பறவைகள் பிழைப்பதில்லை. பதிலுக்கு அந்த ஓடு தரும் லாபம் சில நிமிடப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கை ஓட்டோடு பாதாமோ, உப்பில்லாத பிஸ்தாவோ தந்துவிடும். பெரிய அலகுக்கு வால்நட் இருக்கிறது. மரத்தில் காய்க்கும் கொட்டைக்கு மண் ஒட்டுவதில்லை, ஓடும் கெட்டி. அதிலும் பூஞ்சை வராது என்று சொல்லவில்லை. பிஸ்தா, பிரேசில் நட் இரண்டும் அஃப்ளாடாக்சின் சோதனையில் அடிக்கடி மாட்டுபவைதான். வால்நட்டைக் குலுக்கிப் பார்த்துக் கடகடவென்றால் உள்ளே சுருங்கியிருக்கிறது. ஓட்டில் விரிசலோ துளையோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். முதல் சில தடவை நீங்களே ஓட்டைக் கீறிவிட்டு உள்ளே பார்த்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே இத்தனை நாள் தின்றிருக்கிறது என்பதால் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: உட்கார்ந்திருக்கும்போது மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, குரல் மாறுவது அல்லது பேச்சைக் குறைத்துக்கொள்வது, கொஞ்சம் பறந்ததுமே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தின்றும் எடை இறங்குவது. இவை நுரையீரல் பக்கம். கல்லீரல் பக்கம் என்றால் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (சிறுநீர்ப் பகுதி) பச்சையாக வரும். அலகும் நகமும் அளவுக்கு மீறி வளரும், அலகில் இரத்தம் கட்டியது போல் கரும்புள்ளிகள் தெரியும், வயிறு புடைக்கும். ஒன்று தெரிந்தாலும் பறவை மருத்துவரிடம் போங்கள். கடலை தின்ற விவரத்தைச் சொல்லுங்கள், கல்லீரலுக்கான பித்த அமிலச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கிளி நோயை மறைத்துக்கொள்ளும் பறவை. வெளியே தெரிகிற நேரத்தில் உள்ளே முற்றியிருக்கும்.

சாம்பல்சிறகு

மூவருக்கும் நன்றி. இருபது பருப்புக் கணக்கைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டது. விதைக் கலவையை இன்றே ஒதுக்கிவிடுகிறேன். ஆனால் கடலையை அப்படியே நிறுத்தினால் கிரே பெல்லட்டைத் தொடுமா என்று பயமாக இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தலாமா, மெல்ல மெல்லவா? வேர்க்கடலை வெண்ணெய், பிரேசில் நட், மக்கடாமியா பற்றியும் சொல்லுங்கள். மக்கடாமியா விஷம் என்று எங்கோ படித்த நினைவு.

பதில் 4: வளைந்த அலகு

இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். ஓட்டுக் கடலையை இன்றே நிறுத்துங்கள். கடலையின் மொத்த அளவை மட்டும் மெல்ல இறக்குங்கள்: பொறுக்கி, பிளந்து பார்த்து, வறுத்த பருப்பாக. கிளி பசியால் இறங்கி வந்து பிடிக்காததையும் தின்றுவிடும் என்று நம்பிப் பட்டினி போடுவது ஆபத்து. சில பறவைகள் புதிய பொருளை உணவென்றே புரிந்துகொள்ளாமல் வெறும் வயிற்றோடு கிடக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் சமையல் தராசு வாங்கி, அதில் ஒரு சிறு நிற்குங்கட்டை வையுங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் எடை. 440 கிராம் பறவைக்கு ஐந்து கிராம் ஏறி இறங்குவது சாதாரணம். 420க்குக் கீழே போனால் குறைப்பதை நிறுத்தி, முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள். 400ஐத் தொட்டால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பழகுங்கள். அது விளிம்பாகக் கத்தி போல் துருத்தினால் மெலிவு. தேடினாலும் அகப்படாமல் சதைக்குள் புதைந்திருந்தால் கொழுப்பு. நாள்பட்ட கடலைப் பிரியர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதல் வாரம் பன்னிரண்டு பருப்பு. அடுத்த வாரம் எட்டு, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. எண்ணிக்கை குறையும்போது துண்டின் அளவையும் குறையுங்கள். ஒரு பருப்பைப் பிளந்தால் இரண்டு. ஒவ்வொரு பாதியையும் குறுக்கே நான்காக நறுக்கினால் பச்சைப் பயறு அளவில் எட்டுத் துண்டு. கிளிக்குத் துண்டின் எடை முக்கியமில்லை, எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் கணக்கு. எட்டு முறை கையிலிருந்து வாங்கித் தின்றால் அதற்கு எட்டு கடலை தின்ற திருப்தி.

கிண்ணத்தில் கடலை போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கொட்டை எல்லாம் உங்கள் கை வழியாக மட்டுமே வரட்டும்: கையில் ஏறியதற்கு ஒரு துண்டு, கூண்டுக்குத் திரும்பியதற்கு ஒரு துண்டு, தராசில் அசையாமல் நின்றதற்கு ஒரு துண்டு. பெல்லட்டைக் காலையில், பசி இருக்கும் நேரத்தில் முதலில் வையுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் காய்கறி. ஒரு பருப்பை உரலில் இட்டுப் பொடியாக்கி, நறுக்கிய கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய் மேல் தூவிப் புரட்டுங்கள். பொடியை நக்க வந்த நாக்கு கேரட்டின் ருசியையும் பழகிக்கொள்ளும். இந்த மூன்றிலும் வைட்டமின் ஏவாக மாறும் கரோட்டின் நிறைய இருப்பதால், கடலையால் ஏற்பட்ட குறையும் இதில் தீரும். ஈரமான காயில் ஒட்டிய கடலைப் பொடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் கிடக்கக் கூடாது.

எச்சத்தை எண்ணிக்கொள்வதும் நல்லது. தட்டில் பெல்லட் குறைந்திருப்பது நம்பகமான சாட்சி இல்லை. அது நொறுக்கிக் கீழே போட்டதாகவும் இருக்கலாம். எச்சம் வழக்கத்தைவிடச் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்து, கரும்பச்சையாக வந்தால் உள்ளே ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம்.

பதில் 5: தீனிக்கிண்ணம்

மற்ற கொட்டைகள் பற்றி.

மக்கடாமியா நாய்க்குத்தான் ஆகாது. கிளிக்கு விஷமில்லை, ஆனால் நூறு கிராமில் 75 கிராம் கொழுப்பு. மக்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிரேக்குத் தேவையில்லை.

பிரேசில் நட்டில் செலினியம் மிக அதிகம். வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம்; ஒரே ஒரு கொட்டையில் அதைவிடக் கூடவே இருக்கும். அரைக் கிலோ பறவைக்கு அது எந்த அளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரேக்கு எப்போதாவது சுண்டுவிரல் நகத்தளவு துண்டு, தினமும் கிடையாது.

பாதாமில் இனிப்புப் பாதாம் மட்டும். கசப்புப் பாதாமில் உள்ள அமிக்டாலின் உடம்பில் சயனைடை வெளியிடும். ஆப்ரிகாட், பீச் கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் அதே ரகம். அவற்றைப் பாதாம் என்று நினைத்து உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

முந்திரியை ஓட்டோடு யாரும் கொடுக்கக் கூடாது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலையே கொப்பளிக்க வைக்கும். கடையில் பச்சை முந்திரி என்று விற்பதும் ஆவியில் வேகவைத்து ஓடு நீக்கியதே என்பதால் அது சரி. முந்திரியில் மாவுச்சத்து அதிகம், கால்சியம் குறைவு. அதனால் வரிசையில் பின்னால்தான்.

பிஸ்தா வாங்கும்போது உப்பு நீரில் ஊறவைத்து வறுத்ததா என்று பாருங்கள். உப்பு ஓட்டின் மேல்தான் இருக்கிறது, பருப்பில் இல்லை என்று எண்ண வேண்டாம். கிளி ஓட்டைத்தான் முதலில் நக்கும். உப்பு அதிகமானால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் நீராகப் போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும். உப்புக் கடலையைக் கழுவிக் கொடுப்பதும் தீர்வில்லை: உப்பு முழுதாகப் போகாது, ஈரம் மட்டும் சேரும். சாக்லேட் பூசிய கொட்டை, வெங்காயம் பூண்டு தூள் தூவிய கொட்டை எதுவும் கூண்டுப் பக்கமே போகக் கூடாது.

வேர்க்கடலை வெண்ணெய் மூன்று காரணத்தால் சரிப்படாது. அநேகமாக உப்பும் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு இருக்கும். அரைத்துவிட்டதால் எந்தப் பருப்பு சொத்தையாக இருந்தது என்று பார்க்கவே வழியில்லை. பிசுபிசுவென்று மேலண்ணத்திலும் மூக்குத் துளை ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். மருந்து கலந்து கொடுக்கத் தேவைப்பட்டால், பாதாமை நீங்களே துளி வெந்நீர் விட்டு அரைத்து, குன்றிமணி அளவு கொடுங்கள்.

வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். கிளி உடைக்கும் துகள் தரை, மெத்தை, சிறகு எல்லாவற்றிலும் பரவும்.

பதில் 6: காற்றுப்பை

சேமிப்பு விட்டுப்போயிற்று, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் வருகிற அளவு வாங்காதீர்கள். உங்கள் கணக்குக்கு 100 கிராம் பாதாமே இரண்டு மாதத்துக்கு மேல் வரும். கொடுக்கப்போகும் வாரத்துக்கானதை மட்டும் சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதியைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, காற்றுப் போகாத டப்பாவில் ஃபிரீசரில். உறைகுளிர் பூஞ்சையைக் கொல்லாது, வளர விடாமல் நிறுத்திவைக்கும். பூச்சி முட்டைகளைக் கொல்லும். அதற்கு மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் தேவை. பருப்பில் ஈரம் 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை கிளம்பாது. கைக்குப் பரிசோதனை எளிது: நல்ல பருப்பு உடைக்கும்போது டக்கென்று முறியும், ஈரம் ஏறியது வளைந்து நசுங்கும்.

ஃபிரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை அப்படியே வெளியே வைத்திருங்கள். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் பருப்பின் மேல் வேர்த்துப் படியும். பலர் ஃபிரீசரில் வைத்தும் பூஞ்சை வந்துவிட்டது என்று குழம்புவதற்குக் காரணம் இந்த இடம்தான்.

காறல் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெய் அல்லது பெயின்ட் போல் வாடை வரும். ருசித்தால் நாக்கில் கசந்து தொண்டையில் கரகரக்கும். வால்நட்டும் பைன் நட்டும் இதில் சீக்கிரம் கெடும். கொடுக்கும் முன் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு பருப்பை நீங்கள் மென்று பாருங்கள். துளி கசந்தாலும் துப்பிவிட்டு, அந்தப் புட்டி முழுவதையும் குப்பைக்கு அனுப்புங்கள். தீர்ந்துபோன புட்டியில் அப்படியே புதுசைக் கொட்டாமல், கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.